விலை குறைந்த வேட்டைக் கத்தி: சாணை மேசையிலிருந்து சில யோசனைகள்

வேட்டைப் பருவம் முடிந்த கையோடு என் சாணை மேசைக்குக் கத்திகள் வர ஆரம்பிக்கும். சிலவற்றின் பிடி இடுக்கில் கொழுப்பு காய்ந்து கிடக்கும், சில உறைக்குள் மயிர் ஒட்டியிருக்கும், சில துருவோடு வரும். தீட்டுவதே தொழில் என்பதால் ஒரு கத்தியைக் கையில் எடுத்ததும் அது என்ன வேலை பார்த்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று ஓரளவு புரிந்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: விலைக்கும் உழைப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இந்த மேசையில் நான் பார்க்கவில்லை. மலிவான, மெல்லிய, பார்க்கச் சாதாரணமான கத்திகள் மழுங்கி வரும்; ஐந்து நிமிடத்தில் கூராகித் திரும்பிப் போகும். கனமான, பளபளப்பான, முதுகில் ரம்பப்பல் வைத்த கத்திகள் முனை உடைந்தோ, கூர்வாய் நெளிந்தோ வரும். அல்லது ஒரு வேலையும் செய்யாமல், பரிசாகக் கிடைத்த நாளில் இருந்தபடியே வரும்.

கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் அது எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. என் கணக்கில் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: ஒழுங்காகப் பதம் போட்ட (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) எஃகு, கூர்வாய்க்குப் பின்னால் மெலிந்த அலகு, ஈரக்கையில் வழுக்காத பிடி. நீளம், கனம், வரிவரியான அழகு, கூடவே வரும் திசைகாட்டி, தீக்கல் எல்லாம் இந்த மூன்றிலிருந்து பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும் சமாச்சாரங்கள்.

முதலில், இந்தக் கத்திக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். விலங்கை வீழ்த்துவது துப்பாக்கியோ வில்லோதான். அதில் கத்திக்குப் பங்கு இல்லை. விழுந்த பிறகுதான் கத்தியின் வேலை தொடங்குகிறது. வயிற்றுத் தோலைக் கீறிக் குடலை வெளியே எடுப்பது, தோல் உரிப்பது, மூட்டுகளைப் பிரிப்பது, இறைச்சியை எலும்பிலிருந்து எடுப்பது. இதில் எதற்கும் வெட்டரிவாள் மாதிரி ஓங்கி அடிக்கத் தேவையில்லை. எல்லாமே இழுத்து அறுக்கும் வேலை, அதுவும் பெரும்பாலும் முன்பக்கத்து நாலு விரல் அகலத்துக் கூர்வாயால் நடப்பது. மரம் பிளக்க வேண்டும், கூடாரத்துக்கு முளை செதுக்க வேண்டும் என்றால் சின்னதாக ஒரு கைக்கோடாலி தனியாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே கத்தி என்று வாங்கினால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் ஒன்றுதான் கிடைக்கும்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். வேண்டாம் என்று இல்லை, அதிலும் வேலை நடக்கும். ஆனால் கீலுக்குள் இரத்தமும் கொழுப்பும் மயிரும் போய் உட்கார்ந்துவிடும், காட்டில் அதைக் கழுவி எடுப்பது லேசில்லை. பூட்டு அழுக்கால் சரியாக விழாமல் போனால் அலகு விரல் மேல் மடங்கும். மடங்காத கத்தியில் அசையும் பாகமே கிடையாது. அதே விலையில் எஃகுக்கும் பிடிக்கும் கூடுதலாகச் செலவழிக்க முடிகிறது, ஏனென்றால் கீல், பூட்டு, ஸ்பிரிங் என்று செய்யும் செலவு தயாரிப்பவருக்கு மிச்சம்.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டைக்கு அனுமதி உண்டா என்பது ஒன்று, இந்தக் கத்தியை வழியில் எடுத்துப்போகலாமா என்பது இன்னொன்று. பல இடங்களில் மடங்காத கத்தியைக் காரணமில்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது குற்றம். போகும்போதும் வரும்போதும் உறையிலிட்டு, பைக்குள் கட்டிவைப்பது நல்ல பழக்கம்.

நீளமும் தடிமனும்

புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் என்னிடம் காட்டும் முதல் கத்தி பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஒரு இளைஞர் எட்டு அங்குல அலகை மேசையில் வைத்து, “அண்ணே, இது போதுமா?” என்று கேட்டார். மானுக்கு அதில் பாதி போதும் என்றேன். நம்பவில்லை. அடுத்த பருவத்தில் அவர் இடுப்பில் நாலு அங்குலக் கத்தி இருந்தது.

9 முதல் 11 சென்டிமீட்டர், அதாவது மூன்றரை முதல் நாலேகால் அங்குல அலகு. மான், காட்டுப்பன்றி அளவு விலங்குகளுக்கு இது தாராளம். அதைவிடப் பெரிய விலங்குகளைக்கூட இந்த அளவிலேயே உரித்து முடிக்கிறவர்கள் உண்டு. காரணம் எளிது. வயிற்றுக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அறுக்க வேண்டி வரும். அப்போது கத்தி முனை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். சுட்டுவிரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைத்தால் முனைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அப்படி எட்டாத நீளம் என்றால் முனை போய்க் குடலையோ சிறுநீர்ப்பையையோ குத்தும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உங்கள் மற்றக் கையையே குத்தும். குடல் கிழிந்தால் இறைச்சி கெடும், பிறகு கழுவிக் கழுவி மாளாது.

தடிமனில் இன்னும் பெரிய ஏமாற்று. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் முதுகு உள்ள கத்தியைக் கையில் பிடித்தால் ஒரு தைரியம் வரும். விற்பனை முழுக்க அந்தத் தைரியத்தின் மேல்தான் நடக்கிறது. இறைச்சிக்குள் போகும்போது அது ஆப்பு அடித்த மாதிரி இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போகும், அறுக்காது. கை அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வழுக்கும். 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர் முதுகு இந்த வேலைக்குச் சரி.

முதுகை விட முக்கியம், கூர்வாய்க்கு உடனே மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பது. அரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் அருமையாக அறுக்கும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் எவ்வளவு தீட்டினாலும் திணறும். இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். கத்தியைக் கண் மட்டத்தில் முனை உங்களைப் பார்க்காமல் பக்கவாட்டில் பிடித்து, பளபளவென்று தெரியும் கடைசிச் சரிவின் அகலத்தைப் பாருங்கள். மெல்லிய கோடாகத் தெரிந்தால் பின்னால் அலகு மெல்லியது. மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டையாகத் தெரிந்தால், தடித்த இரும்புக்கு அவசரமாக வாய் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு ஸ்காண்டி முறை, அதைக் கீழே சொல்கிறேன்.

வடிவம்

முதுகு மெல்லக் கீழிறங்கி முனையில் சேரும் டிராப் பாயின்ட் வடிவத்தை வாங்குங்கள். முனை முதுகின் மட்டத்தை விடத் தாழ்ந்து இருப்பதால், தோலை உயர்த்திக் கீறும்போது உள்ளே எதையும் எளிதில் குத்தாது. முன்பக்கம் வயிறு போல வளைந்திருக்கும் கூர்வாய் தோல் உரிக்க உதவும். வேட்டைக் கத்தியில் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ். அவர் கையால் செய்த கத்திகள் இன்று சேகரிப்பாளர்களிடம் எட்டாத விலைக்குப் போகின்றன. ஆனால் அந்த வடிவம் எந்த மலிவுக் கத்திக்கும் கிடைக்கிறது.

முதுகில் வெட்டி எடுத்தது போல முனை கூர்மையாக இருக்கும் கிளிப் பாயின்ட் குத்துவதற்கும் நுணுக்க வேலைக்கும் நல்லது, முதல் கத்தியாக வேண்டாம். மிக அகலமாக வளைந்த தோலுரிக் கத்தி தோலுக்கு மட்டும் நல்லது.

அப்புறம் முதுகில் கொக்கி வைத்த கத்தி. வயிற்றுத் தோலை ஜிப் திறப்பது போலக் கிழிக்கலாம் என்பார்கள். கூராக இருக்கும்வரை உண்மைதான். மழுங்கியதும் அதைத் தட்டைக்கல்லில் தீட்ட முடியாது. உருண்டைக் கம்பியோ குச்சியில் சுற்றிய உப்புத்தாளோ வேண்டும். மயிரும் சிக்கிக்கொள்ளும். மேசைக்கு வரும் கொக்கிகளில் ஒழுங்காகத் தீட்டப்பட்ட ஒன்றை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கொக்கி இல்லாத அதே கத்தி கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதுகு ரம்பப்பல், குழிந்த பிடிக்குள் தூண்டில் நூல், கறுப்புப் பூச்சுக்கு மேல் மண்டையோட்டுப் படம்... இவற்றைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எஃகு

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், விற்பவர்களும் நன்றாகக் குழப்புகிறார்கள். அலகில் எஃகின் பெயர் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலகிலோ பெட்டியிலோ பெயர் சொல்லப்படாத கத்தியை விடுங்கள். “ஸ்டெயின்லெஸ்” என்பது ஒரு குடும்பத்தின் பெயர், குறிப்பிட்ட எஃகின் பெயரில்லை. “சர்ஜிக்கல் ஸ்டீல்” என்பதும் அப்படித்தான், கேட்க நன்றாக இருக்கும், ஒன்றும் சொல்லாது. வெறும் “440” என்று மட்டும் போட்டிருந்தால் அது 440ஏ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். 440சி யாக இருந்தால் அந்தச் சி எழுத்தைத் தயாரிப்பவர் விட்டுவிட மாட்டார். 420ஜே2, 3சிஆர்13 என்றால் கார்பன் குறைவு. எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் ஒரு மானைப் பாதி உரிப்பதற்குள் கூர் போய்விடும்.

மலிவு விலையில் நம்பி வாங்கக்கூடியவை சில உண்டு. ஸ்வீடனிலிருந்து வரும் 12சி27: சுமார் 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம். நன்றாகத் துரு தாங்கும், மிகக் கூரான வாய் ஏற்கும், சாதாரணக் கல்லிலேயே தீட்டிவிடலாம். அதன் தம்பி 14சி28என், கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தது, துருவை இன்னும் நன்றாகத் தாங்கும். அமெரிக்கக் கத்திகளில் பழகிய 420எச்சி, பெயரில் 420 இருந்தாலும் மேலே சொன்ன மெத்தென்ற 420 வகையைச் சேர்ந்ததல்ல. கார்பன் கூடுதல், நன்றாகப் பதம் போட்டால் வேட்டைக்கு முழுக்கப் போதும். சீனத் தயாரிப்புகளில் 8சிஆர்13எம்ஓவி அதிகம் காணப்படும், அதுவும் பரவாயில்லை.

ஸ்டெயின்லெஸ் வேண்டாம், கார்பன் ஸ்டீல்தான் என்றால் 1095. ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் இல்லை. தீட்டுவதற்கு இதைப் போல இதமான எஃகு எனக்குத் தெரிந்து குறைவு. கல்லில் வைத்த சில இழுப்பிலேயே பிசிறு, அதாவது விளிம்பில் மறுபக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்புக் கீற்று, எழும்பிவிடும். ஆனால் இரத்தத்தில் உப்பு இருக்கிறது. அன்றே கழுவித் துடைக்காவிட்டால் மறுநாள் காலை செம்புள்ளி தெரியும். சோம்பல் உள்ளவர்கள் இதன் பக்கம் போகாதீர்கள்.

டி2 என்ற எஃகு இப்போது மலிவுக் கத்திகளிலும் வருகிறது. 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம் வரை இருக்கும். கூர் நெடுநேரம் நிற்கும். குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடுகளில் (கார்பனோடு சேர்ந்த கடினத் துகள்களில்) கட்டுண்டு போவதால் முழு ஸ்டெயின்லெஸ் மாதிரி துரு தாங்காது. மழுங்கியபின் சாதாரணக் கல்லில் தீட்டினால் கை ஓய்ந்துவிடும், வைரக்கல் வேண்டும். தீட்டத் தெரிந்தவருக்குச் சரி, தெரியாதவருக்கு வேண்டாம்.

வரிவரியாகத் தெரியும் “டமாஸ்கஸ்” கத்திகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. நல்ல கொல்லர் செய்தது அருமையான பொருள்தான், ஆனால் அது மலிவாகக் கிடைக்காது. மலிவாகக் கிடைப்பதில் என்ன இரும்பை அடுக்கி அடித்தார்கள், பதம் போட்டார்களா என்று யாரும் சொல்வதில்லை. மேசையில் அப்படிப்பட்ட கத்தி ஒன்றின் கூர்வாய் வெறும் தோல்வாரில் தேய்க்கும்போதே மடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எஃகின் பெயரை விடப் பெரிய விஷயம் பதம் போடுதல். எஃகை உயர்ந்த சூட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று குளிர்வித்தால் அது கடினமாகும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். மறுபடி மிதமான சூட்டில் வைத்து அந்த நொறுங்கும் குணத்தைக் குறைப்பார்கள். இதில் அவசரப்பட்டால் பெயர் பெற்ற எஃகும் வீண். இதன் பலனை ராக்வெல் சி அளவில் எண்ணாகச் சொல்வார்கள். வைரக்கூம்பு ஒன்றை அழுத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பது. விலை குறைந்த வேட்டைக் கத்திக்கு 56 முதல் 59 வரை நான் எதிர்பார்ப்பேன். 54க்குக் கீழே என்றால் கூர் உருண்டுகொண்டே இருக்கும். 61, 62 என்று போனால் எலும்பில் பட்டுச் சின்னச் சின்னதாகப் பல் விழலாம், காட்டில் தீட்டுவதும் சிரமம். இந்த எண்ணைத் தயங்காமல் எழுதிவைக்கும் நிறுவனத்தை நான் கொஞ்சம் அதிகமாக நம்புவேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு பித்தளைக் கம்பியைப் படுக்க வைத்து, கூர்வாயைத் தீட்டும் கோணத்திலேயே அதன்மேல் மெதுவாக அழுத்துங்கள். வாய் லேசாக வளைந்து, அழுத்தம் எடுத்ததும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்து. பல் விழுந்தால் அளவுக்கு மீறிய கடினம். கடையில் இதைச் செய்ய விடமாட்டார்கள், வாங்கிய பின் செய்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

இன்னொன்று. தொழிற்சாலையில் கடைசி வாயை வேகமான பெல்ட்டில் தேய்க்கும்போது, மெல்லிய விளிம்பு சூடாகிக் கொஞ்சம் பதம் இழப்பது உண்டு. புதுக்கத்தி முதல் தடவை சீக்கிரம் மழுங்கினால் உடனே திட்டாதீர்கள். இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி அந்தப் பகுதி தேய்ந்தபின் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும்.

அலகைத் தேய்த்த விதம்

இது கொஞ்சம் வேகமாக. பக்கங்கள் உள்பக்கம் குழிந்திருந்தால் ஹாலோ; மெல்லிய வாய், தோல் உரிக்க இதம், எலும்பில் முரட்டுத்தனம் காட்டக்கூடாது. முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரிந்தால் முழுத்தட்டை. எல்லா வேலைக்கும் பொருந்தும், நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். அலகின் பாதி உயரம் வரை தட்டையாக வந்து பிறகு ஒரே அகலச் சரிவாக வாயில் முடிந்தால் ஸ்காண்டி. மரம் செதுக்க அருமை, தீட்டவும் சுலபம், ஏனென்றால் அந்த அகலச் சரிவையே கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக வந்துவிடும். எலும்பில் பட்டால் வாய் சிதையும் என்பதால் இதற்கு நான் மிகச்சிறிய இரண்டாவது வாய் ஒன்றை வைத்துக்கொடுப்பேன்.

பிடி, அதற்குள் போகும் இரும்பு

அலகு பிடியின் கடைசி வரை அதே அகலத்தில் போவது முழு டேங். பலமானது, கனமும் கூட. இரண்டு பக்கமும் பட்டைகளை வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். பட்டைக்கும் இரும்புக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அங்கே இரத்தம் தங்கும், நாறும், துரு பிடிக்கும். அப்படி இருந்தால் வேண்டாம். குச்சியாக ஒடுங்கிப் பிடிக்குள் போகும் வகையைப் பலவீனம் என்று இகழ்வார்கள். வட ஐரோப்பியர் தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்ட கத்தியில்தான் வேலை செய்கிறார்கள். கட்டையால் முதுகில் அடித்து விறகு பிளக்காதவரை அது உடையப் போவதில்லை.

பிடியின் பொருள் ரப்பரோ, கரகரப்பான பிளாஸ்டிக்கோ, மைக்கார்ட்டாவோ (துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது) எதுவானாலும் ஈரத்தில் பிடிப்பு தர வேண்டும். பளபளவென்று மெருகேற்றிய மரம், கொம்பு, எலும்பு எல்லாம் அலமாரிக்கு அழகு. கொழுப்புப் பட்டதும் சோப்பாகிவிடும். கடையில் பிடித்துப் பார்க்கும்போது கை உலர்ந்திருக்கும், அதனால் எல்லாப் பிடியும் நல்ல பிடியாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தி உறைக்குள் இருக்கும்போதே பிடியை இறுக்கிப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கை அலகுப்பக்கம் நகர்ந்தால் அந்தக் கத்தியை வைத்திருக்காதீர்கள். கை வழுக்கி வாயின் மேல் ஏறுவதுதான் இந்த வேலையில் பயப்பட வேண்டிய விபத்து. அதைத் தடுக்கப் பிடியின் முன்பக்கம் கீழே சின்ன மேடு ஒன்று இருந்தாலே போதும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பித்தளைத் தடுப்பு அறுக்கும்போது இடைஞ்சல்தான்.

விரலுக்கு விரல் தனிப்பள்ளம் வெட்டிய பிடியைத் தவிருங்கள். உங்கள் விரல் அந்த அளவுக்கு வெட்டப்பட்டிருக்காது, கத்தியைத் திருப்பிப் பிடிக்கும்போது பள்ளமெல்லாம் தப்பான இடத்தில் உறுத்தும். நிறம்? ஆரஞ்சு. சருகுக்குள் வைத்த பச்சைப் பிடிக் கத்தியைத் தேடித் தவித்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உறை

மலிவுக் கத்தியில் நிறுவனம் முதலில் கஞ்சத்தனம் காட்டும் இடம் இதுதான். கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுந்தால் வேறு பாருங்கள். ஒரு கையால் எடுக்கவும் திருப்பி வைக்கவும் முடிகிறதா, வைக்கும்போது கூர்வாய் உறையின் ஓரத்தை அறுக்கிறதா என்றும் பாருங்கள். தோலுறை என்றால் தையல் ஓரத்தில் இரண்டு மடிப்புக்கு நடுவே இன்னொரு தோல்பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாய் நேராக நூலையே அறுக்கும், ஒருநாள் முனை தொடைக்குள் வரும்.

பிளாஸ்டிக், கைடெக்ஸ் (சூடாக்கி வடிவம் கொடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்) உறைகள் அழகில்லை. கழுவலாம், அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வடியும். இறைச்சி வேலைக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். உறை மட்டும் மோசம், கத்தி அருமை என்றால் கத்தியை வாங்கிவிட்டு வேறு உறை செய்துகொள்ளலாம். தலைகீழாக நடந்தால் லாபமில்லை.

பெயர் சொல்லிக் கேட்டால்

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்வீடன் நாட்டு மோரா நிறுவனத்தின் கம்பேனியன். 1891 முதல் மோரா என்ற ஊரில் கத்தி செய்கிறார்கள். அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தடிமன் 2.5 மில்லிமீட்டர், ரப்பர் தடவிய பிடி, பிளாஸ்டிக் உறை. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள கத்திகளோடு பக்கத்தில் வைத்து நான் தீட்டியிருக்கிறேன். கூர் ஏற்பதில் இது சளைத்ததில்லை. ஸ்காண்டி முறை என்பதால் எலும்புப் பக்கம் கவனம்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் அமெரிக்க பக் நிறுவனத்தின் சிறிய கத்திகள், குறிப்பாக 113 ரேஞ்சர். 420எச்சி எஃகை எப்படிப் பதம் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற 119 ஆறு அங்குல அலகு. கம்பீரமானது, ஆனால் மேலே சொன்ன காரணத்தால் முதல் கத்தியாக நான் சொல்ல மாட்டேன்.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு யோசனை: இறைச்சிக்கடைக்காரர் பயன்படுத்தும் எலும்பு நீக்கும் கத்தி. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்வது. நாள் முழுக்க இறைச்சி அறுப்பவர்கள் வாங்குவது அதைத்தான்; மெல்லிய அலகு, ஈரத்தில் பிடிக்கும் கைப்பிடி, சில இழுப்பில் கூராகும் எஃகு. குறை ஒன்றே, உறை வராது. கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டால் காட்டுக்கும் கொண்டுபோகலாம், முகாமில் இறைச்சி பிரிக்கவும் ஆகும்.

பழைய கத்தி வாங்குவதில் எனக்குப் பிரியம் உண்டு. பார்க்க வேண்டியது இரண்டு. வாய் அருகே நீலமோ பழுப்போ படிந்திருந்தால் யாரோ மோட்டார் சாணையில் சூடேற்றிவிட்டார்கள், அந்த இடம் மெத்தாகிவிட்டது, விடுங்கள். பலகாலம் தீட்டித் தீட்டி அலகு குறுகியிருந்தால் வாய் தடித்த இடத்துக்கு வந்திருக்கும். மெலியச் செய்ய யாராவது கிடைத்தால்தான் வாங்கலாம். மேற்பரப்புத் துரு பயப்பட வேண்டியதில்லை. கூர்வாயில் குழி விழுந்த துரு பயப்பட வேண்டியது.

புதியதோ பழையதோ, கையில் எடுத்ததும் முனையிலிருந்து முதுகு வழியே துப்பாக்கி குறிபார்ப்பது போலப் பாருங்கள். அலகு கோணலா என்று தெரியும். பிறகு கூர்வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. எங்காவது மின்னினால் அந்த இடம் மழுங்கியது அல்லது பல் விழுந்தது.

கல்லுக்கும் கொஞ்சம் பணம்

எடுத்துவைத்த பணம் முழுவதையும் கத்திக்குச் செலவழித்துவிடாதீர்கள். ஒரு பங்கு தீட்டுக்கல்லுக்கு. ஒரு பக்கம் 400 கிரிட் (கரகரப்பு), மறுபக்கம் 1000 கிரிட் (மென்மை) உள்ள இரட்டைக்கல் போதும். எவ்வளவு நல்ல கத்தியும் ஒருநாள் மழுங்கும். மழுங்கிய விலையுயர்ந்த கத்தியை விடக் கூரான மலிவுக் கத்தி பாதுகாப்பானது.

ஒரு பக்கத்துக்கு 20 பாகை கோணம் வேட்டைக் கத்திக்கு நல்லது. கணக்குக் கருவி தேடாதீர்கள். ஒரு காகிதத்தின் செங்கோண மூலையை மடித்தால் 45 பாகை, இன்னொரு முறை மடித்தால் 22.5. அதைக் கல்லின் மேல் நிறுத்தி, கத்தியை அதைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் போதும். கூர்வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்போரம் கறுப்பு மிச்சமிருந்தால் கத்தியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மேலே மிச்சமிருந்தால் தாழ்த்துங்கள். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட் ஒன்றில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

கூரை அதிகம் கெடுப்பது இறைச்சியோ தோலோ இல்லை. மயிரும் அதற்குள் ஒட்டியிருக்கும் மண்ணும்தான். முதல் கீறலுக்குப் பிறகு வாயை மேல்நோக்கித் திருப்பி, தோலை உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போங்கள். மயிர் அறுபடாமல் விலகும், இறைச்சியிலும் ஒட்டாது, கூரும் நிற்கும். மூட்டில் எலும்பை அறுக்கப் பார்க்காமல் மூட்டை வளைத்து, இடுக்கில் முனையை விட்டுத் தசைநாரை மட்டும் வெட்டுங்கள்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். கார்பன் ஸ்டீல் என்றால் உணவுத்தரமுள்ள மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவுங்கள். அடுத்த பருவம் வரை தோலுறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட சாறு பித்தளையைப் பச்சையாக்கும், எஃகில் புள்ளி போடும். கத்தியைத் துணியில் சுற்றி ஒரு பெட்டியிலும், உறையைத் தனியாகக் காற்றோட்டமான இடத்திலும் வையுங்கள்.